தேர்வுக்கு ஒரு பல் தேவை

பல் மருத்துவம் படித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: இறுதித் தேர்வுக்குப் பாடம் மட்டும் போதாது, பிடுங்க ஒரு பல்லையும் அதன் சொந்தக்காரரையும் நாமே தேடிக் கூட்டிவர வேண்டும்.

பெரிய டாக்டர்

எங்கள் கல்லூரியில் பல் அறுவைத் துறைக்குத் தலைவரான முதல் பெண் எங்கள் மேடம்தான். ஒருநாள் அரியாங்குப்பத்திலிருந்து ஒருவர் கடைவாய் வலியோடு வந்தார். மேடம் ஊசி போட்டார், ஊர்க்கதை பேசிக்கொண்டே பல்லை எடுத்தார், பஞ்சை வைத்து அனுப்பினார். கண்ணை இறுக்க மூடியிருந்த மனிதர் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அரைமணி கழித்து என்னைக் கூப்பிட்டார்: "நர்சம்மா ஊசி போட்டு நல்லா மரத்துப் போச்சு. பல்லப் புடுங்க பெரிய டாக்டரு எப்பம்மா வருவாரு?"

ஒரு பல், மூன்று பேர்

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா அப்போதே தெரு முழுக்க என்னை டாக்டர் என்று சொல்லிவைத்திருந்தார். தோற்றால் அவர் எப்படித் தெருவில் நடப்பார்? அந்தப் பயத்தில், பஸ்ஸில் யார் கொட்டாவி விட்டாலும் எட்டிப் பார்த்தேன். கடைசியில், பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும், ஆண்களை 'மிசே' என்றும் பெண்களை 'மதாம்' என்றும் பிரெஞ்சில் மரியாதையாகக் கூப்பிடும் ஒரு தாத்தா ஆடும் முன்பல்லோடு கிடைத்தார். ஆடும் பல் என்றால் சுலபம். டீயும் சமோசாவும் வாங்கித் தந்து அவரைக் காப்பாற்றி வந்தேன். அதற்குள் வகுப்புத் தோழிகள் இருவர் பிரியாணியோடு வந்துவிட்டார்கள். தாத்தா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்: "ஆடறது ஒரு பல்லு, கேக்கறது மூணு பொண்ணு. ஏலம் வுட்டுடலாமா?"

தேர்வு நாள்

பல் எனக்குத்தான் என்று முடிவு செய்துகொண்ட தாத்தா நேரத்துக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பெருமையாகப் பிரித்தார். உள்ளே அந்த முன்பல். "நீ சின்னப் பொண்ணு, கஷ்டப்படுவியேன்னு நானே புடுங்கி எடுத்தாந்துட்டேன் கண்ணு!"

மேடம் எழுதிய தேர்வு

அழுதுகொண்டே மேடத்திடம் ஓடினேன். அவர் தாத்தாவின் வாயில் விளக்கடித்து, கடைவாயில் சொத்தையாகி உடைந்திருந்த ஒன்றைக் கண்டுபிடித்தார். எடுத்தே ஆகவேண்டிய பல். ஆனால் பாறை மாதிரி இருந்தது. தாத்தா "சரி, மதாம்" என்று வாயைத் திறந்தார். என்னால் முடியாது என்றேன். மேடம் சொன்னார்: "நான் படிச்சப்ப, பொம்பளகிட்ட பல்லக் குடுக்க ஒருத்தரும் வரல. எங்க மாமியார உக்கார வச்சேன். பாஸாயிட்டேன். அவங்கதான் இன்னும் எங்கிட்ட பேசல."

வெளியூர்த் தேர்வாளர்

நாற்காலிக்குப் பக்கத்தில் தேர்வாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஊசி போட்டு, இடுக்கியால் பல்லைப் பிடித்தேன். ஆட்டி ஆட்டி ஒருவழியாக எடுத்தேன், வேர் முழுசாக வந்தது. தேர்வாளர் குனிந்து, "வலிச்சுதா பெரியவரே?" என்றார். தாத்தா பஞ்சை வாயிலிருந்து எடுத்தார்: "வலிச்சுது மிசே. நான் கத்துனா இந்தப் பொண்ணு அழுதுடும்னு கம்முனு இருந்தேன்."

எனக்குப் பாஸ் போட்டுவிட்டார்கள். நியாயமாகப் பார்த்தால் அந்த மதிப்பெண்ணில் பாதி தாத்தாவுக்குப் போயிருக்க வேண்டும்.