மூன்று பாஸ் தாமதம்

முருகேசன் மைதானத்தில் உட்கார்ந்தபோது ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருந்தது. அவருடைய முனிர்கா அணி ஒரு கோல் முன்னால். யாரும் அவரை இடிக்கவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு தானாகவே உட்கார்ந்தார். நேரத்தைக் கடத்த அந்த அணியில் ஏற்கெனவே இரண்டு பேர் விழுந்து புரண்டு, ரெஃப்ரியான என்னிடம் மஞ்சள் அட்டை வாங்கியிருந்தார்கள்.

"ஐயோ, நெஞ்சு அடைக்குதே..." என்றார், தமிழில். அங்கே அது புரிந்தது எனக்கு மட்டும்தான்.

அதுதான் என்னைக் கட்டிப்போட்டது. நான் தலைநகரில், லக்ஷ்மிபாய் நகர் அரசு குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழன். மைதானத்தில் ஹிந்தி தவிர வேறு பேச மாட்டேன். போன மாதம் ஜனக்புரியில் ஒரு தமிழருக்கு ஃப்ரீ கிக் கொடுத்ததற்கே, "மதராசி மதராசிக்குத்தான் ஊதுவான்" என்று புகார் போயிருந்தது. இவரும் பாஷையைக் காட்டிச் சலுகை கேட்கிறார் என்று எனக்கு எரிச்சல்.

லேசான அடி என்றால் பந்து வெளியே போகும்வரை ஆடவிடலாம். பெரிய விஷயம் என்றால் அந்த நொடியே விசில். எது லேசு, எது பெரிசு என்று விதிப் புத்தகம் சொல்லாது.

"நாடக் ஹை ஸர், கேல்னே தீஜியே!" என்று கத்தினான் எதிரணி கேப்டன். நடிக்கிறான், ஆடவிடுங்கள் என்று அர்த்தம்.

விசில் வாயில்தான் இருந்தது. ஊதவில்லை. பந்து எதிரணியின் காலில். ஒரு பாஸ். திரும்பிப் பார்த்தேன், உட்கார்ந்தவர் படுத்துவிட்டார். இரண்டாவது பாஸ். மூன்றாவது பாஸில் பந்து பெனால்டி ஏரியாவுக்குள் போய், அவர்களுடைய ஃபார்வர்டு கோல்கீப்பருக்கு எதிரே தனியாக நின்றான். அவன் காலைத் தூக்கும்போது ஊதிவிட்டேன்.

மொத்த எதிரணியும் என்னைச் சூழ்ந்துகொண்டது. "பக்கா கோல் ஸர், பக்கா!" அந்த இடத்தில் நிறுத்தினால், ஆட்டத்தை மறுபடி தொடங்க நான் போடும் டிராப் பால் முனிர்கா கோல்கீப்பருக்கே போகும், அவர்கள் கோபம் நியாயம்தான். அவர்களைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். முருகேசனின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, உதடு கறுத்திருந்தது. பார்த்ததும் அந்தக் கேப்டனே கார் எடுக்க ஓடினான். விசிலை லைன்ஸ்மேனிடம் கொடுத்துவிட்டு நானும் ஏறினேன். அவர் முனகுவதை டாக்டருக்குச் சொல்ல ஆள் வேண்டுமே. "பயப்படாதீங்க, ஆஸ்பத்திரி வந்துருச்சு" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனேன். எனக்குத்தான் பயம்.

இருதயத்தில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். நான்காம் நாள் வார்டில் போய்ப் பார்த்தேன்.

"கார்ல பேசினப்பதான் சார் நீங்க தமிழ்னே தெரிஞ்சுது" என்றார்.

"அப்புறம் ஏன் கிரவுண்டுல தமிழ்ல சொன்னீங்க?"

"வலிச்சா வேற எதுல சார் கத்துறது?"

சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க உடனே விசில் அடிச்சீங்க. இல்லன்னா என் பொண்டாட்டி புள்ளைங்க கதி என்ன சார்?" என்றார்.

உடனே அடிக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

புதிதாக விசில் எடுப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சந்தேகம் வந்தால் ஊதிவிடுங்கள். போன கோலுக்காக நான்கு நாள் திட்டுவார்கள், கேட்டுக்கொள்ளலாம். தாமதமாக ஊதியதற்கு ஒரு மனிதர் கையைப் பிடித்து நன்றி சொன்னால், அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது.