ஆபீசர் வரும் முன்னால்

கான்சாபுரத்துச் சமுத்திரம் இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். இப்போது இராஜபாளையத்து மில் முதலாளி ஒருவரின் குட்டி விமானம் இறங்கும் மண் ஓடுபாதைக்குக் காவல்.

செவ்வாய்க்கிழமை அந்த விமானம் தொப்பென்று விழுந்து, மூன்று தடவை குதித்து, முன்சக்கரம் மடங்கி, மூக்கு தரையில் குத்தி நின்றது. யாருக்கும் அடியில்லை. மறுநாள் விசாரணைக்கு ஆபீசர் வருகிறார் என்றார்கள். ஆபீசர் வந்தால் இடம் எப்படி இருக்க வேண்டும் என்று சமுத்திரத்துக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளங்களை மூடி, தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்து, இரண்டு ஓரமும் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்தார்.

ஆபீசர் வந்து தரையையே பார்த்தார். “சக்கரத் தடம் எங்கே?”

“மூணு பள்ளம் கெடந்துச்சு சார். நாந்தான் மூடுனேன்.”

“ஒரே தடவைதான் தரையைத் தொட்டதா பைலட் எழுதிக் கொடுத்திருக்காரு.”

“மூணு சார். என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

“அதுக்கு என்ன அத்தாட்சி?”

சமுத்திரம் திரும்பிப் பார்த்தார். தரை வழித்துவிட்டதுபோல் கிடந்தது.

“இம்புட்டுச் சுத்தமான ஓடுபாதையை நான் பார்த்ததே இல்ல” என்றார் ஆபீசர்.

பழக்கதோஷத்தில் சமுத்திரத்தின் கை சல்யூட்டுக்கு எழுந்தது. மெச்சினாரா, வைதாரா என்று விளங்காமல் பாதி வழியிலேயே நின்றது.