நான் கொட்டப் போன ஐஸ்

இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரை மாதத்து மத்தியான வெயிலில், கொடிகாமம் சந்தைக்குப் பக்கத்தில் நடந்தது இது.

நான் யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரன். மீனை ஐஸில் அடுக்கி வெளியூருக்கு அனுப்புவது தொழில். எந்த மீனுக்கு எவ்வளவு ஐஸ், எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்றெல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

கல்யாணத்துக்கு முன்பு எனக்குப் புற்றுநோய் வந்தது. சிகிச்சைக்குப் பிறகு பிள்ளை பிறக்காமல் போகலாம் என்று சொல்லி, முன்கூட்டியே என் விந்தணுவை எடுத்துச் சின்னக் குழாய்களில் அடைத்து, கொழும்பில் ஒரு நிலையத்தில் உறைய வைத்தார்கள். வைத்தியர் பயந்தபடியே ஆயிற்று. எங்களுக்கென்று ஒரு பிள்ளை வேண்டுமானால், அங்கே இருந்த அந்தச் சின்னக் குழாய்களை விட்டால் வேறு கதி இல்லை.

மனைவிக்கு யாழ்ப்பாணத்திலேயே கருத்தரிப்புச் சிகிச்சை ஒழுங்கானது. கொழும்பிலிருந்து குழாய்களைக் கொண்டுவரும் பொறுப்பை நானே கையெழுத்திட்டு ஏற்றேன். பால் கேன் போல ஒரு பாத்திரத்தைத் தந்து, வழியில் மூடியைத் திறக்கவே கூடாது என்று இரண்டு தரம் சொன்னார்கள். பெரிதாகத் தலையாட்டினேன்.

யாழ்ப்பாணம் வரும் வழியில், கொடிகாமத்தில் வான் பழுதாகி நின்றுவிட்டது. சாரதி ஏதோ உதிரிப்பாகம் தேடிப் போனார். ஒரு மணித்தியாலம் ஆயிற்று. வானுக்குள் அடுப்புச் சூடு. பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தேன், குளிரவில்லை. அடியில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. எங்கள் தொழிலில் பெட்டி ஒழுகுவது நின்றால் உள்ளே ஐஸ் முடிந்துவிட்டது என்று அர்த்தம். பொறுக்க முடியாமல் மூடியைத் திறந்தேன்.

மெல்லிய புகை ஒன்று வந்தது. உள்ளே ஐஸும் இல்லை, தண்ணீரும் இல்லை. நடுவில் குழாய்களைத் தாங்கிய ஒரு கம்பி மட்டும். கொழும்புக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு மூடியை அரைகுறையாக வைத்துவிட்டு, சந்தையில் தெரிந்த மீன் வியாபாரியிடம் ஓடினேன். ஒரு பை உடைத்த ஐஸோடு திரும்பி வந்து மூடியைத் தூக்கும்போது போன் அடித்தது. யாழ்ப்பாணத்து நிலையத்தில் காத்திருந்த என் மனைவி. விசயத்தைச் சொன்னேன்.

"ஐயோ, அதைத் திறக்கச் சொல்லி ஆர் சொன்னது? ஒண்டும் போடாதேங்கோ!" என்று கத்தியவள், போனை ஆய்வுகூடத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள்.

"அண்ணை, ஐஸைப் போட்டிட்டியளோ?"

"இல்லை, கையிலை கிடக்கு."

"முதல்லை மூடியை மூடுங்கோ. உங்கடை ஐஸ் அதுக்குக் கொதிதண்ணி மாதிரி. போட்டால் எல்லாம் செத்துப்போகும்."

பிறகுதான் விளக்கினார். திரவ நைதரசன் உட்சுவரில் ஊறி இருக்குமாம், கண்ணுக்குத் தெரியாதாம். பூச்சியத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு பாகைக் குளிர். ஐஸ் வெறும் பூச்சியம். ஐஸ் பையை வீதியோரம் வீசிவிட்டேன். வானைத் திருத்தி யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

அந்தப் பெண் பாத்திரத்தின் வெப்பநிலைப் பதிவைக் கணினியில் காட்டினார். நேராக வந்த கோடு ஓரிடத்தில் மேலே ஏறியிருந்தது. "இன்னும் கொஞ்ச நேரம் திறந்து கிடந்திருந்தால்..." என்று தலையை அசைத்தார். ஒரு குழாயை உருக்கி நுணுக்குக்காட்டியில் பார்த்தார். நானும் மனைவியும் அவர் தோளுக்குப் பின்னால் நின்றோம்.

"உயிரோடை இருக்கு அண்ணை. வந்து பாருங்கோ, ஓடுது" என்றார். எட்டிப் பார்த்தவன் அங்கேயே அழுதுவிட்டேன்.

மகள் இப்போது நடக்கத் தொடங்கிவிட்டாள். காப்பாற்றும் அவசரத்தில், தொழில் தெரிந்த இந்தக் கையாலேயே அவளை இல்லாமல் செய்யப் பார்த்தேன் என்பது, அவள் என் விரலைப் பிடித்து நடக்கும்போதெல்லாம் என்னை உலுக்குகிறது.