கீழே போன சங்கீதா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோபக்காரன். எங்கள் மலையில் வளப்பூர் நாட்டில் சென்றாயன் என்று கேட்டுப் பாருங்கள், 'அந்த முன்கோபியா?' என்று கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார்கள். பலாப்பழமும் மிளகும் ஏற்றிக்கொண்டு தினமும் மலை இறங்கி ஏறுகிற மினி லாரிக்காரனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? என் சித்தப்பா மகள் அத்தாயி அப்படியில்லை. யார் என்ன சொன்னாலும் 'சரிங்க' என்று போகிறவள். அவளுக்கும் சேர்த்து நானே கோபப்பட வேண்டியிருக்கிறது.

அத்தாயி கல்லூரியில் நீச்சல் பயிற்சியாளர். இப்போது 'பயிற்சியாளராக இருந்தாள்' என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போதே வயிறு எரிகிறது.

எங்கள் மலையில் தண்ணீர் ஓடும், விழும், நிற்காது. ஊருக்குக் கீழ்ப்புறம் இருக்கும் தடுப்பணையில்தான் கொஞ்சம் நிற்கும். மரவள்ளிக் காட்டுக்குக் காவல் போகச் சொன்னால் இவள் அங்கே போய்க் கிடப்பாள். சித்தப்பா குச்சியோடு வந்து கரையில் நின்று கத்துவார். இவள் நடுவில் மிதந்துகொண்டு, "குச்சியத் தூக்கி எறிங்கப்பா, ஏறி வாரேன்" என்பாள். உறைவிடப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை ஒருவர் இவளைக் கவனித்து விளையாட்டு விடுதியில் சேர்த்துவிட்டார். முதல் விடுமுறைக்கு வந்தபோது, "தண்ணிக்குக் கோடு போட்டு வெச்சிருக்காங்கண்ணா, அதத் தாண்டக் கூடாதாம்" என்று சொல்லிச் சிரித்தாள்.

தவளை நீச்சலில் மாநில அளவில் மெடல் வாங்கினாள். மெடல் வாங்கினால் வேலை தானாக வரும் என்றார்கள். மெடல் வந்தது, வேலை வரவில்லை. உடற்கல்வி படித்தால் வரும் என்றார்கள், படித்தாள். பயிற்சியாளர் டிப்ளோமாவும் வேண்டும் என்றார்கள், அதையும் முடித்தாள். கடைசியில் கிடைத்தது தண்ணீர் விளையாட்டுப் பூங்காவில் விசில் ஊதும் வேலை. குடித்துவிட்டு வரும் தடிமாடுகள் வேண்டுமென்றே மூழ்குவது போல நடிப்பார்கள். இவள் குதித்துத் தூக்கினால் பல்லைக் காட்டுவார்கள். நான் ஒருநாள் நேரில் பார்த்துவிட்டு ஒருவனை அறைந்தேன். அதற்கு அத்தாயி என்னைத்தான் திட்டினாள். பிறகு சேலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தாள். அங்கிருந்துதான் அடிவாரப் பக்கம் இருக்கும் இந்தத் தனியார் கல்லூரிக்குப் போனாள்.

அந்தக் கல்லூரி நீச்சல் குளம் கட்டியதே விளம்பரத்தில் படம் போடுவதற்காக. தாளாளர் முருகானந்தத்துக்கு இவள் பெயர்கூடப் பிடிக்கவில்லை. "அத்தாயின்னா ஒரு மாதிரி இருக்கும்மா, பேரண்ட்ஸ் வந்து போற எடம்" என்று சொல்லி, பலகையில் 'தாயி' என்று எழுத வைத்தார். இவள் சரிங்க என்றாள். விடுதிக் காவல், ஆண்டு விழாப் பந்தல், கல்லூரியில் சேர்க்கப் பிள்ளை பிடிக்க ஊர் ஊராகப் போகிற வேலை, எல்லாம் இவள் தலையில்தான் விழுந்தது. ஒவ்வொரு ஜூன் மாதமும் தற்காலிகம் என்று புதுப்பிப்பார்கள். அடுத்த வருஷம் நிரந்தரம் என்பார்கள். இவள் பிள்ளைகள் பல்கலைக்கழகக் கோப்பையை வென்றபோது அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். படத்தில் கோப்பையைப் பிடித்திருந்தவர் முருகானந்தம். அத்தாயி படத்திலேயே இல்லை.

இந்த வருஷம் கோப்பையைத் தக்கவைத்தால் கட்டாயம் நிரந்தரம் என்று பிள்ளைகள் எதிரிலேயே வாக்குக் கொடுத்தார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் இத்தனை வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். போட்டி நெருங்கும் சமயம் பார்த்துக் கல்லூரிக் குளத்தில் டைல்ஸ் பெயர்ந்துவிட்டது. மலையில் ஒரு சுற்றுலா விடுதியின் நீச்சல் குளத்தில் பயிற்சி வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். "தாராளமா போய்ட்டு வாம்மா" என்றார் முருகானந்தம். சாமான்களை ஏற்றிக்கொண்டு நான்தான் போனேன்.

அணியிலேயே நன்றாக நீந்துகிறவள் சங்கீதா. அடிவாரத்து விவசாயி சின்னுசாமியின் மகள். ஒருநாள் காலையில் அவளுக்குக் காதுவலி பொறுக்கவில்லை. அத்தாயி அவளை என் வண்டியில் ஏற்றி அனுப்பினாள். நான் அடிவாரத்தில் காரவள்ளியில் சின்னுசாமியிடம் ஒப்படைத்துவிட்டு மூட்டை இறக்கப் போய்விட்டேன். அவர் மகளை டாக்டரிடம் காட்டி வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

இங்கே ஒரு விஷயம். எங்களுக்கு உலகமே இரண்டுதான். மேலே என்றால் மலை. கீழே என்றால் மற்ற எல்லாம். சேந்தமங்கலம் கீழே, நாமக்கல் கீழே, சென்னையும் டெல்லியும்கூடக் கீழேதான். மலையடிவாரத்தை 'அடி' என்போம். ஒருவர் கீழே போயிருக்கிறார் என்றால் சந்தைக்கோ ஆபீசுக்கோ போயிருக்கிறார் என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து பேசுகிற பேச்சு, நாக்கில் தானாக வரும்.

அன்று முருகானந்தம் ஏதோ பாராட்டு விழாவுக்குச் சங்கீதாவைக் கூப்பிட நினைத்து அத்தாயிக்கு ஃபோன் செய்தார். அந்தப் பேச்சு அவர் ஃபோனிலேயே பதிவாகியிருந்தது. பிறகு கல்லூரியில் நடந்த விசாரணையில் அதைப் போட்டார்கள், என் காதால் கேட்டேன்.

"தாயி, சங்கீதா எங்கம்மா?"

"அவ கீழ போயிட்டாளுங்க சார்."

"என்னம்மா சொல்ற? எப்ப?"

"காலையிலயேங்க. இந்நேரம் அடிக்குப் போயிருப்பா."

"இன்னும் எடுக்கலையா?"

சங்கீதா ஃபோனை எடுக்கவில்லையா என்று கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள் என் தங்கச்சி. "எடுக்கலீங்க சார், நானும் பாத்துட்டேன்" என்றாள். அதோடு சிக்னல் போய்விட்டது.

தண்ணீரும் பிள்ளையுமாக இருக்கிற இடத்திலிருந்து அப்படி ஒரு பதில் வந்தால் யாருக்கும் நெஞ்சு அடைக்கும். அதை நான் குறை சொல்லவில்லை. அதற்கப்புறம் அவர் செய்த காரியத்தைத்தான் சொல்கிறேன்.

மூட்டை இறக்கிக்கொண்டிருந்த என் ஃபோனுக்கே அவர் விட்ட அறிக்கை வந்தது. மாணவி சங்கீதா நீரில் மூழ்கியது வருத்தத்துக்குரியது, முகாம் அனுமதியின்றி நடத்தப்பட்டது, பயிற்சியாளர் கல்லூரியின் ஊழியர் அல்லர். கல்லூரி முத்திரையோடு வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணை நல்லபடியாக இறக்கிவிட்டவனே நான்தானே!

தீயணைப்பு வண்டி சைரன் அடித்துக்கொண்டு மலையேறியது. அறிக்கையைப் படித்த டீக்கடைக்காரர் ஒருவர் பதறிப்போய்க் கூப்பிட்டிருக்கிறார். அவர்கள் விடுதிக்கு ஓடி வந்தபோது பிள்ளைகள் கரையில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்கள். அடிவாரத்தில் சின்னுசாமி வீட்டில் சொந்தக்காரர்கள் மாரில் அடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். ஒரு மாமா மாலையோடு வந்தார். சங்கீதா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். மாலையைப் பார்த்தவள் வீறிட்டு அழுதாள்.

அடுத்த வாரம் விசாரணை. குளிர்சாதன அறை, நீள மேஜை, நடுவில் முருகானந்தம், இரண்டு பக்கமும் தலையாட்டுகிற ஆட்கள். இறக்கிவிட்டவன் என்று என்னையும் வரச் சொன்னார்கள். சின்னுசாமியும் வந்திருந்தார். அத்தாயியைப் பார்த்ததும் அவருக்குக் கொதித்துவிட்டது.

"ஏனுங்க, ஒழுங்காப் பேசத் தெரியாதுங்களா? உசுரோட இருக்கற புள்ளைக்கு மாலை வாங்கிட்டு வந்துட்டாங்க. எம் பொண்டாட்டி இன்னும் எந்திரிக்கல."

"தப்புத்தானுங்க. மன்னிச்சுக்கோங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள் அத்தாயி.

முருகானந்தத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மலைப் பேச்சு பேசினால் இப்படித்தான், படித்த இடத்தில் படித்தவள் மாதிரிப் பேச வேண்டாமா, கல்லூரி மானமே போச்சு, உன்னை நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்கு மேஜையைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. அத்தாயி என் கையைப் பிடித்து அமுக்கினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேனுங்க சார். சங்கீதா முழுகிட்டான்னுதான நெனைச்சீங்க?"

"நீதானம்மா அப்படிச் சொன்ன?"

"ஆமாங்க. நெனைச்சிட்டு, மொதல்ல யாருக்கு ஃபோன் போட்டீங்க?"

முருகானந்தத்தின் பக்கத்திலிருந்தவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினார். அத்தாயி குரலை உயர்த்தவேயில்லை.

"எனக்குத் திருப்பிப் போடலீங்க. சிக்னல் உடனே வந்திருச்சு, எம் ஃபோன் கையிலதான் இருந்துச்சு. ஆம்புலன்சுக்கும் போடலீங்க. தீயணைப்புக்குச் சொன்னது டீக்கடைக்காரர். நான் உங்க ஆளே இல்லைன்னு ஊருக்கெல்லாம் சொல்றதுக்கு மட்டும் உங்களுக்கு நேரம் இருந்துச்சு."

"வக்கீல்தாம்மா அப்படிப் போடச் சொன்னார். இன்ஸ்டிடியூஷன்னு ஒண்ணு இருக்குல்ல..." என்று இழுத்தார் முருகானந்தம்.

சின்னுசாமி மெதுவாக எழுந்தார். கொஞ்ச நேரம் முன்பு அத்தாயியைத் திட்டிய அதே மனிதர்.

"என்ர நம்பர் உங்க ஆபீசுல இருக்குதுங்களே சார். எனக்கு எப்பங்க சொல்லலாம்னு இருந்தீங்க?"

என் கோபம் அந்தக் கேள்விக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

முருகானந்தம் சுதாரித்துக்கொண்டார். காரியக்காரர் அல்லவா? முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, நடந்தது நடந்துவிட்டது, இதை வெளியே பேசிப் பெரிதாக்க வேண்டாம் என்றார். அறிக்கையை மறந்துவிடு என்றார். "இந்த ஜூன்லயே உன்னைப் பர்மனன்ட் பண்ணிடறேன் தாயி. இப்பவே ஆர்டர் அடிக்கச் சொல்றேன்."

அத்தனை வருஷம் அவள் காத்துக் கிடந்த வார்த்தை. எதற்காக விடுதிக் காவல் காத்தாளோ, பெயரைப் பாதியாக்கிக்கொண்டாளோ, கல்யாணத்தைத் தள்ளிப் போட்டாளோ, அந்த வார்த்தை. 'வாங்கிக்க அம்மணி' என்று என் மனசு அடித்துக்கொண்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இத்தனை கோபக்காரனான நானே அவள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன்.

அத்தாயி எழுந்து நின்றாள்.

"வேண்டாங்க சார். தண்ணில எறங்கற புள்ளைங்களுக்கு நான் சொல்ற மொத வார்த்தை, பயப்படாத, மேல ஆளு இருக்குதுன்னுதாங்க. உங்க காலேஜுல இனி அத எப்படிங்க சொல்றது?"