மக்காச்சோளத்துக்கு லைட் அடிக்கிற அம்மிணி

ஒரு பிடி தானியத்தைக் கரைக்காமல், காய்ச்சாமல், வெறும் வெளிச்சத்தை அடித்தே அதற்குள் எவ்வளவு ஈரம், எவ்வளவு புரதம் என்று சொல்வது என் தொழில். சொன்ன பிறகு திட்டு வாங்குவதும் அதே தொழிலில்தான் அடக்கம்.

நாமக்கல்லுக்கு வெளியே, திருச்செங்கோடு ரோட்டில் இருக்கிற ஒரு கோழித் தீவன மில்லில் லேப் என் பொறுப்பு. மேசை மேல் ஒரு பெட்டி. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. மக்காச்சோளமோ சோயாப் பிண்ணாக்கோ, அடியில் கண்ணாடி வைத்த கப்பில் கொட்டி உள்ளே வைத்தால், கப் மெதுவாகச் சுற்றும். பொருள் அந்த ஒளியில் எதை விழுங்கியது, எதைத் திருப்பி அனுப்பியது என்று பார்த்து ஒரு நிமிஷத்தில் பெட்டி கணக்குச் சொல்லிவிடும். ஈரம் பதினாலு சதவீதத்துக்கு மேல் போனால் லோடை எடுக்க மாட்டோம். பூஞ்சை பிடிக்கும், கோழிக்கு ஆகாது. எடை மேடையில் நிற்பவர்களே, பால் சொசைட்டியில் தண்ணீர் பார்ப்பவர்களே, எண்ணைப் படித்துச் சொன்ன பாவத்துக்குப் பேச்சு வாங்கும் அத்தனை பேரே, உங்களுக்கு இதெல்லாம் புதிதில்லை.

பல்லுக்குப் பன்னிரண்டு

பெட்டி வந்த புதிதில் ஒரு தரகர் வந்தார். நாற்பது வருஷமாக மக்காச்சோளத்தைக் கடித்தே ஈரம் சொல்கிறவர். மூட்டையில் குத்தூசியைச் சொருகி நாலு மணியை எடுத்தார், கடைவாயில் வைத்தார், 'கடக்' என்றது. "பன்னெண்டு. அதுக்கு மேல ஒரு பொட்டு இருக்காது" என்றார். பெட்டியில் வைத்தேன். பதினைந்து புள்ளி மூன்று.

அவருக்கு முகம் மாறிவிட்டது. இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். பதினைந்து புள்ளி இரண்டு. சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு மூன்றாவது தடவையும் வைக்கச் சொன்னார். பதினைந்து புள்ளி ஒன்று. அந்த அளவு வித்தியாசம் எப்போதும் வரும், அதற்கு அர்த்தம் கிடையாது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பாத்தீங்களா அம்மிணி, எறங்குது! இப்படியே இன்னும் ஒரு முப்பது வாட்டி வெய்யுங்க, பன்னெண்டுக்கு வந்துரும். நான் இருந்து பாத்துட்டே போறேன்."

ஊசி இல்லாமல் சர்க்கரை

ஓமலூர் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர். லோடு இறங்கும் வரை லேப் வாசலில் நின்று பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாவுச்சத்து, கொழுப்பு, நார் எல்லாம் திரையில் வரிசையாக வருவதைக் கண்டதும் உள்ளே வந்துவிட்டார். டாக்டர் மாசாமாசம் ரத்தம் எடுக்கச் சொல்கிறாராம், ஊசி என்றாலே இவருக்குத் தலை சுற்றுமாம். விரலை நீட்டி, "இதுல வெச்சுச் சர்க்கரை பாத்துச் சொல்லுங்க" என்றார்.

இது ஆஸ்பத்திரி மிஷின் இல்லை, மக்காச்சோளம், சோயா, தவிடு மூன்றும்தான் இதற்குத் தெரியும், மனுஷனைத் தெரியாது என்று பொறுமையாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். விரலை மட்டும் மடக்கவில்லை.

"அதுக்கென்னங்க, என்னையும் மக்காச்சோளம்னே நெனச்சுக்கிட்டுப் பாக்கட்டும். நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

சாட்சிக்கு வந்த கோழி

ஒரு நாள் காலை ஒரு பண்ணைக்காரர் கக்கத்தில் ஒரு வெள்ளைக் கோழியை இடுக்கிக்கொண்டு வந்து என் மேசை மேல் நிறுத்தினார். எங்கள் தீவனத்தைப் போட்டு ஒரு வாரமாக முட்டை குறைந்துவிட்டதாம். அவருக்குப் போன தீவனத்தின் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். புரதம் பதினேழு, சரியாக இருந்தது. அந்த லோடில் மாதிரிக்கு எடுத்து வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து அவர் கண் முன்னாலேயே மறுபடியும் பார்த்தேன். அதே பதினேழு. கோழி அதற்குள் கீபோர்டில் ஏதோ டைப் அடித்து, அதன் மேலேயே தன் கருத்தையும் வைத்துவிட்டது.

மத்தியானம் எங்கள் மில்லின் கால்நடை டாக்டர் பண்ணைக்கே போய்ப் பார்த்தார். தண்ணீர்க் குழாயில் பாசி அடைத்து, பாதி வரிசைக்குத் தண்ணீரே போகவில்லை. தாகத்தில் கோழிகள் தீவனத்தைத் தொடவில்லை, அவ்வளவுதான். ஆனால் காலையில் அது எங்கள் யாருக்கும் தெரியாதே. ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பண்ணைக்காரர் அப்போது சொன்னது இது:

"உங்க பெட்டி பதினேழுங்குது, எங்க கோழி இல்லைங்குது. நாம எதுக்குங்க சண்டை போட்டுக்கிட்டு? அதுக ரெண்டையும் எதுக்கெதுக்கால உக்கார வெச்சுப் பேசித் தீத்துக்கச் சொல்லுங்க."

முதலாளியும் லேசரும்

எங்கள் முதலாளிக்குப் புதுக் கருவி என்றால் ஆசை. லேசர் துப்பாக்கி ஒன்றை விற்க ஒரு பையைத் தூக்கிக்கொண்டு விற்பனைக்காரர் வந்திருந்தார். பாட்டிலைத் திறக்கவே வேண்டாம், வெளியிலிருந்து லேசரை அடித்தால் உள்ளே இருக்கும் திரவம் எதுவென்று பெயரைச் சொல்லிவிடும். முதலாளி, நான், ஸ்டோர் கீப்பர் பழனிச்சாமி அண்ணன் மூவரும் சுற்றி நின்றோம். தவிட்டு எண்ணெய், தீவனத்தில் கலக்கும் அமிலம், கோலின் சத்துத் திரவம் என்று லேபிளை மறைத்து ஒவ்வொன்றாக நீட்டினோம். மூன்றுக்கும் சரியாகச் சொன்னது. முதலாளி அசந்துபோய், "ஆர்டர் போட்டர்லாமா?" என்று என்னைக் கேட்டார்.

அதோடு நிறுத்தியிருந்தால் அந்தத் துப்பாக்கி இன்றைக்கு என் மேசையில் இருந்திருக்கும். உற்சாகம் தாங்காத விற்பனைக்காரர், "கடைசியா வெறும் தண்ணியையும் காட்டிடறேங்க" என்று முதலாளி மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து லேசரை அடித்தார். திரையில் 'எத்தனால் (ஆல்கஹால்)' என்று வந்தது. அவர் துடைத்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடியும் எத்தனால். பழனிச்சாமி அண்ணன் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். முதலாளி பாட்டிலை நிதானமாக வாங்கி மூடியை இறுக்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"மத்ததெல்லாம் கரெக்டாச் சொல்லுது தம்பி, தண்ணிதான் அதுக்குப் பிடிபடலையாட்ட இருக்குது. அதைச் சரி பண்ணிக்கிட்டு அடுத்த வருசம் வாங்க."

செல்லாயி அக்காவின் லோடு

இதுவரை மற்றவர்களைச் சொல்லிச் சிரித்தாயிற்று. இது என் கதை.

மல்லசமுத்திரத்துச் செல்லாயி அக்கா சொந்தக் காட்டில் விளைந்த மக்காச்சோளத்தைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு, டிரைவர் பக்கத்தில் தானே உட்கார்ந்து வந்திருந்தார். அன்றைக்கு எனக்கு பஸ் தாமதம். அவசரமாகக் கப்பைக் கழுவினேன், அவருடைய சோளத்தைக் கொட்டினேன், வைத்தேன். பதினாறு புள்ளி எட்டு. எடுக்க முடியாது என்றேன். "அஞ்சு நாளு காய வெச்சனுங்களே சாமி. ராத்திரி பனிக்குக்கூடத் தார்ப்பாய் போட்டு மூடுனனே" என்றார். பெட்டி பொய் சொல்லாதுங்க அக்கா என்றேன், ரொம்பப் பெரிய மனுஷி மாதிரி. அவர் தார்ப்பாயைத் திரும்பக் கட்டச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

வண்டி போன பிறகு கப்பைக் கவிழ்த்தேன். ஏழெட்டு மணிகள் விழாமல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. விரலால் தொட்டால் ஈரம். நான் கழுவின தண்ணீர். கப்பை நன்றாகத் துடைத்து, அக்காவின் சோளத்தில் மாதிரிக்கு எடுத்து வைத்திருந்த பொட்டலத்திலிருந்து மறுபடி போட்டேன். பன்னிரண்டு புள்ளி ஒன்பது. முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அப்ப இங்க ஏம்மா நின்னுட்டிருக்கறே? போய்க் கூட்டிட்டு வா" என்றார்.

ஸ்கூட்டியில் எலச்சிபாளையம் தாண்டித்தான் வண்டியைப் பிடித்தேன். ஒரு தரகரின் கிடங்கு வாசலில் நின்றிருந்தது. ஈரச் சோளம் என்று அக்காவே சொல்லி, பாதி விலைக்குத் தள்ளிவிட இரண்டு மூட்டை இறக்கியாகிவிட்டது. மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன். சோளத்தில் ஈரம் இல்லைங்க அக்கா, கப்பில்தான் என்றேன். அழுகை வந்துவிட்டது. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முந்தானையை எடுத்து என்னிடம் நீட்டினார், கண்ணைத் துடைக்க. இறக்கின மூட்டைகளைத் திரும்ப ஏற்றச் சொன்னார். வண்டியில் ஏறும்போது டிரைவர் காதில் விழும்படியே கேட்டார்:

"ஏஞ்சாமி, கழுவுன ஏனத்தைத் தொடைச்சு வெக்கோணும்னு உங்க காலேசுல எத்தனாவது வருசத்துல சொல்லித் தருவாங்க?"

பெட்டி பொய் சொல்லாது என்று இப்போதும் வருகிறவர்களிடமெல்லாம் அடித்துத்தான் சொல்கிறேன், ஆனால் கப்பைத் துடைத்துக்கொண்டே.