தென்னை மரம் இருக்க வேண்டிய பக்கம்

அரசாங்கத்தில் இருபது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடும். எதையும் கோப்பு போட்டுச் செய்தால் தப்பு நடக்காது, நடந்தாலும் அது தன்னுடைய தப்பாக இருக்காது. என் மனைவிக்கு ஒரு உகுலேலே செய்து கொடுக்க நான் இறங்கியது இந்த நம்பிக்கையோடுதான்.

உகுலேலே என்றால் கிதாரின் குட்டி. நாலே தந்தி. என் மாமனார் மலாயாவில் ரப்பர் தோட்டத்துக் கிராணி, அதாவது நம் பாஷையில் கணக்குப்பிள்ளை. ஊர் திரும்பிய துரை ஒருவர் விட்டுப்போன சாமான்களில் ஒரு பழைய உகுலேலே கிடந்தது. அன்னாசிப் பழம் மாதிரி இடுப்பே இல்லாத உடம்பு. அதை எடுத்துவந்து மகளுக்குக் கொடுத்திருக்கிறார். தோட்டத்தில் போர்டு எழுதுகிற ஆளைப் பிடித்து, நடுவில் உள்ள ஓட்டைக்கு ஒரு பக்கம் தென்னை மரமும் மறு பக்கம் பிறை நிலாவும் வரையச் சொல்லியிருக்கிறார். கப்பலில் நாகப்பட்டினம் வந்த அந்த வாத்தியம், கல்யாணத்துக்குப் பிறகு சீர்ப் பாத்திரங்களோடு ரயிலில் டெல்லிக்கும் வந்தது.

கல்யாணமான புதிதில் நான் இரண்டு சீர்திருத்தங்கள் செய்தேன். முதல் வாரமே என் அம்மாவுக்கு அவள் இடது கையால் காபி டம்ளரை நீட்டினாள். நம் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது என்று சொன்னேன். மறுநாளிலிருந்து எல்லாம் வலது கை. என் நிர்வாகத் திறமையை நானே மெச்சிக்கொண்டேன். இரண்டாவது சீர்திருத்தம் கரோல் பாக் வாடகை அறையில் நடந்தது. ஒரு சாயங்காலம் அவள் உள்ளே உட்கார்ந்து உகுலேலே வாசித்தாள். வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருந்த நான், தலையைத் திருப்பாமலே, "அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க" என்றேன். சத்தம் நின்றது. பிறகு நான் கேட்கும்படி அவள் அதை வாசித்ததில்லை.

சில வருஷம் கழித்து கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. சாமான் கட்டும்போது பழைய பேப்பர், ஓட்டை பக்கெட் இவற்றோடு அந்த உகுலேலேயையும் பழைய சாமான் வாங்குகிற கபாடிவாலாவிடம் தூக்கிப் போட்டேன். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சண்டை போட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவள் சும்மா இருந்ததால் அது முடியாமலே கிடந்தது.

எழுபதுகளின் கடைசியில் பையன் ரூர்க்கிக்குப் படிக்கப் போனான். வீடு சத்தமில்லாமல் ஆகிவிட்டது. ஒரு நாள் மாடிவீட்டுப் பஞ்சாபி அம்மாள் வந்து, மதராஸிப் பெண்கள் எல்லோருக்கும் பாட்டோ வாத்தியமோ தெரியுமாமே, உங்களுக்கு என்ன தெரியும் என்று விசாரித்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது, பெஹன்ஜி" என்றாள் என் மனைவி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். உள்ளே சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்தத் 'தெரியாது' சுருக்கென்று தைத்தது. அவளைத் தெரியாதவளாக ஆக்கியவன் நான்தான்.

அன்றைக்கே முடிவு செய்தேன். அதே மாதிரி ஒன்று செய்து அவள் கையில் கொடுக்க வேண்டும். அவள் ஒரு தடவையாவது என் எதிரில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். என்ன வேண்டும் என்று அவளையே கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் சம்பந்தப்பட்ட நபரைக் கேட்காமல் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் முடிவு செய்வது எங்கள் அலுவலக மரபு. அதற்கு 'சர்ப்ரைஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

ஆதாரம் ஒன்றுதான் இருந்தது. அவள் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு போட்டோ. பன்னிரண்டு வயதில், கவுன் போட்டுக்கொண்டு, அப்பாவின் சைக்கிளுக்கு முன்னால் உட்கார்ந்து உகுலேலே வாசிக்கிறாள். முகம் கொள்ளாத சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பை நான் நேரில் பார்த்ததில்லை என்பதையும் அந்தக் கோப்பில் குறித்திருக்கலாம்.

போட்டோவை எடுத்துக்கொண்டு அடுத்த பிளாக்கில் இருந்த நண்பரிடம் போனேன். நாங்குநேரிக்காரர், கட்டடத் துறையில் டிராஃப்ட்ஸ்மேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணாச்சி, படம் திரும்பிக் கெடக்கு. நெகட்டிவை மாத்திப் போட்டுக் கழுவிட்டான்."

"எப்படிச் சொல்லுதீரு?"

"புள்ள இடது கையாலல்லா தட்டுது. எந்த அப்பன் பொம்பளப் புள்ளைய இடது கையால வாசிக்க விடுவான், சொல்லும்?"

எந்த அப்பனும் விடமாட்டான் என்று எனக்கும் பட்டது. நானே விடவில்லையே. அவர் டிரேசிங் பேப்பரில் வாத்தியத்தைக் கழுத்து மேலே இருக்கும்படி நிமிர்த்தி வரைந்து, அந்தத் தாளை அப்படியே திருப்பிப் போட்டார். ஓட்டைக்கு இடப் பக்கம் இருந்த தென்னை வலப் பக்கம் வந்தது. பிறை இடப் பக்கம் போனது. 'திருத்தப்பட்டது' என்று எழுதி அவர் கையெழுத்துப் போட்டார். சரிபார்த்ததாகக் கீழே நானும் போட்டேன். இரண்டு கையெழுத்து விழுந்துவிட்டால் பிறகு அதில் உலகமே தலையிட முடியாது.

பழைய டெல்லி சந்து ஒன்றில் சிதாரும் ஆர்மோனியமும் செய்கிற கடைக்காரர் ஒருவரைப் பிடித்தேன். எதைக் கேட்டாலும் "ஹோ ஜாயேகா, பாபுஜி" என்பார், ஆகிவிடும் என்று அர்த்தம். உகுலேலே பார்த்திருக்கிறீர்களா என்றேன். பார்த்ததில்லை, ஆனால் ஹோ ஜாயேகா. எத்தனை நாளில் என்றேன். ஹோ ஜாயேகா. எங்கள் அமைச்சகத்தில் இருந்திருந்தால் அந்த மனிதர் எங்கேயோ போயிருப்பார்.

சிதாருக்கு வாங்கி வைத்திருந்த துன் மரத்தில் உடம்பு தயாரானது. தந்திக்கு மீன் பிடிக்கிற நைலான் நரம்பு என்று முடிவாயிற்று. சைவக் குடும்பத்தில் பிறந்த நான் ஜாமா மஸ்ஜித் பக்கம் போய்த் தூண்டில் நரம்பு தேர்ந்தெடுத்தேன். லாரி முதுகில் ரோஜாப்பூ வரைகிற, கடைக்காரருடைய மைத்துனர்தான் ஓவியர். தென்னையை அவர் பார்த்ததில்லை. முதலில் வந்தது ஈச்ச மரம். இரண்டாம் தடவை துடைப்பம். மூன்றாம் தடவை நானே ஒரு தேங்காய் எண்ணெய் டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டி வரைய வைத்தேன்.

தந்தி பூட்டும் நாளில் கடைக்காரர் போட்டோவையும் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

"பாபுஜி, இவங்க இடது கைக்காரங்களா? அப்படின்னா தந்திகளை மாத்திக் கட்டணும். கழுத்துக்கு மேலே எலும்புத் துண்டுல, தந்தி உக்கார வெட்டுற காடியும் மாறும்."

"இல்ல. போட்டோ தப்பு. டிராயிங்தான் சரி."

"வீட்டுல ஒரு தடவை கேட்டுட்டு வாங்களேன்."

கையெழுத்துகளைச் சுட்டிக் காட்டினேன். "ஹோ ஜாயேகா" என்றார். அன்றைக்கு மட்டும் அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சரோஜினி நகர் சந்தையில் வாங்கிய துண்டில் சுற்றிக்கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். துண்டைப் பிரித்தாள். அப்புறம் தென்னை மரத்தை ஒரு விரலால் தடவினாள். கண் நிறைந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வாத்தியத்தை எடுத்து மடியில் வைத்தாள். கழுத்தைப் பிடித்தது வலது கை. தட்டியது இடது கை. சத்தம் கன்னாபின்னாவென்று வந்தது. நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"தந்தி மாறியிருக்கே."

"சரியாத்தான் இருக்கு. போட்டோதான் திரும்பி..." என்று ஆரம்பித்தேன். என் எதிரில் அவள் உட்கார்ந்திருந்தது, அச்சாக அந்தப் போட்டோவில் உட்கார்ந்திருந்த மாதிரியே.

"எங்கூட இத்தனை வருஷம் இருந்திருக்கீங்க. நான் எந்தக் கையால வாசிப்பேன்னு தெரியாதா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். தெரியாது என்று சொன்னேன். கரோல் பாக்கில் அன்றைக்கு நான் பேப்பரிலிருந்து தலையைத் திருப்பவில்லை. அவமானமாக இருந்தது. போட்டோவைத் திரும்பப் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் சைக்கிள் வலப் பக்கம் பார்த்து நிற்கிறது, செயின் நம் பக்கம் தெரிகிறது. எந்த சைக்கிளிலும் செயின் வலப் பக்கம்தான்; படம் திரும்பியிருந்தால் செயின் தெரிகிற சைக்கிள் இடப் பக்கம் பார்த்து நின்றிருக்கும். படம் திரும்பவே இல்லை. தினமும் ஆபீசுக்கு சைக்கிள் மிதித்த இரண்டு கையெழுத்துக்காரர்களும் அதைக் கவனிக்கவில்லை.

"குடு. மாத்தி வாங்கிட்டு வாரேன்" என்றேன்.

"வேண்டாம்."

முடுக்காணிகளைத் தளர்த்தி நாலு தந்தியையும் அவளே கழற்றினாள். காய்கறிக் கத்தியை இடது கையில் எடுத்துக்கொண்டு எலும்புத் துண்டின் காடிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தினாள். கத்தி அவ்வளவு சுலபமாக அவள் கையில் ஓடி நான் பார்த்ததில்லை. தந்திகளை மாற்றிக் கட்டிக்கொண்டே பேசினாள்.

"என் கை உரசாத பக்கமாப் பாத்துத்தான் அப்பா மரத்தை வரையச் சொன்னாங்க. அழிஞ்சிரக் கூடாதுன்னு. நீங்க கைக்கு அடியிலயே கொண்டுவந்து வச்சிருக்கீங்க."

"வாசிச்சா அழிஞ்சிருமே."

"அழியட்டும்."

அன்றைக்குச் சமையல் ஆகவில்லை. அவளுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் விரல் தடுமாறியது, பிறகு பழகிவிட்டது. மத்தியானம் தண்ணீர் கேட்டேன். இடது கையால் டம்ளரை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.

அந்த உகுலேலே இன்னும் எங்களிடம் இருக்கிறது. பிறை நிலா புதுசாகவே இருக்கிறது. தென்னை மரம் அவள் கை உரசி உரசி முழுசாக அழிந்துவிட்டது.