பனிப்புயலுக்கு ஈரத்துண்டு

2020 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. ஆறு மணிக்கு எழுந்து காபி போட்டேன். குவைத்தில் அது விடுமுறை நாள்தான், ஆனாலும் வெள்ளிக்கிழமைக்கென்று எனக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வெள்ளைத் துணிகளையும் பிறகு நிறத் துணிகளையும் வாஷிங் மெஷினில் போட்டேன். எட்டு மணிக்கு நானும் கணவரும் ஃபஹாஹீல் மீன் சந்தைக்கு நடந்து போய் வஞ்சிரம் வாங்கி வந்தோம். கடற்கரைப் பக்கம் காற்று சில்லென்று இருந்தது. அவர் மஃப்ளரைக் காது வரை சுற்றிக்கொண்டார். சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வாரத்துக்கான அலுவலக உடைகளை இஸ்திரி போட்டு, நாள்வாரியாக மாட்டினேன். வானம் தெளிவு, தூசி இல்லை என்று டைரியில் எழுதினேன். தூசி உண்டா இல்லையா என்று தினமும் எழுதுவது குவைத்துக்கு வந்த நாளிலிருந்து உள்ள பழக்கம்.

நான்கு மணிக்கு மகள் வீடியோவில் கூப்பிட்டாள். இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் முடித்தவள். நான்கு மாதம் முன்புதான் கடல்சார் பொறியியல் படிக்கக் கனடாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஒரு தீவுக்குப் போனாள். துறைமுகத்தைப் பார்த்தபடி மேட்டில் நிற்கும் ஒரு மர வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் அறை. மேலே வீட்டுக்கார அம்மாள் தனியாக இருக்கிறார். சென்னைக்கு இரண்டரை மணி நேரம் கூட்டிப் பழகிய எனக்கு, அவள் ஊருக்கு ஆறரையைக் கழிப்பதில் ஒவ்வொரு முறையும் தடுமாற்றம். அப்போது அங்கே காலை ஒன்பதரை.

"அம்மா, யூனிவர்சிட்டி லீவு. பெரிய ஸ்னோ வருதாம்."

"சாமான் வாங்கி வச்சியா?"

"நேத்தே வாங்கிட்டேன். பால், பிரெட், அப்புறம் சிப்ஸ்."

"சிப்ஸா?"

"புயல் வருதுன்னா இங்க எல்லாரும் சிப்ஸ்தான் வாங்குவாங்க. கடையில ரேக்கே காலி. வீட்டுக்கார ஆன்ட்டி பாத்டப் நிறைய தண்ணி பிடிச்சு வைக்கச் சொன்னாங்க."

சிப்ஸும் தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்து என்ன புயல் என்று எனக்குப் பிடிபடவில்லை. கணவர் பின்னாலிருந்து, "டீ போட்டுக் குடிச்சுட்டு சிப்ஸ் சாப்பிடு, பிக்னிக் மாதிரி இரு" என்றார். அவள் சிரித்தாள்.

ஆறரை மணிக்கு மறுபடி கூப்பிட்டபோது சிரிப்பு இல்லை. கைப்பேசியை ஜன்னல் பக்கம் திருப்பினாள். தரைமட்டத்தில் இருக்கும் குறுகலான ஜன்னல். அதில் தெருவும் இல்லை, எதிர்வீடும் இல்லை, துறைமுகமும் இல்லை. வெறும் வெள்ளை. காற்றின் சத்தம் அடைத்த தொண்டையிலிருந்து வருவதுபோல் கேட்டது. யாரும் வண்டி எடுக்கக் கூடாது, வெளியே வரக் கூடாது என்று நகரசபை அறிவித்துவிட்டதாம்.

எனக்கு அந்த வெள்ளை பழகியதாகத் தோன்றியது. தூசிப்புயல் நாட்களில் எங்கள் ஜன்னலும் இப்படித்தான் தெருவை விழுங்கிவிடும், ஆரஞ்சு நிறத்தில். நிறம்தான் வேறு என்று நினைத்தேன்.

"அம்மா, உள்ள வருது. பொடிப்பொடியா ஸ்னோ."

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதற்குள்தான் வீடு முழுவதையும் சூடாக்கும் எண்ணெய் ஹீட்டர் இருக்கிறது. அதை ஒட்டி, சுவரில் உள்ளங்கை அளவுக்குக் கம்பிவலை போட்ட ஒரு துளை. குடிபோன நாளே, அதன் வழியாகக் குளிர் வருகிறது என்று புகார் சொல்லியிருந்தாள். இப்போது அந்தத் துளையின் கீழே, தரையில், மாவு சலித்ததுபோல் கொஞ்சம் பனி.

தூசிக்கு என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வானம் நிறம் மாறினால் ஆளுக்கொரு டியூட்டி. கணவருக்கு ஜன்னல் சட்டங்களில் டேப் ஒட்டுவது. எனக்குக் கதவுகளின் அடியில் ஈரத்துண்டு வைப்பது. மகளுக்கு, ஸ்டூலில் ஏறும் வயது வந்ததிலிருந்து, பாத்ரூம் எக்ஸாஸ்ட் துளையை அடைப்பது. பிளாஸ்டிக் பையில் ஈரத்துண்டைச் சுருட்டித் திணித்துவிட்டு, "எக்ஸாஸ்ட் டியூட்டி ஓவர்!" என்று கத்துவாள்.

"துண்டை நனைச்சு அந்த ஓட்டையை அடை. கதவுக்கு அடியிலயும் வை. ஜன்னல் ஓரமெல்லாம் டேப் போடு" என்றேன்.

"அம்மா, அது ஹீட்டருக்கு ஏதோ வேணும்னு ஆன்ட்டி சொன்ன மாதிரி ஞாபகம்."

"ஹீட்டர் எதுக்கு? சூடு பண்ண. குளிர உள்ள விட்டுட்டு சூடு பண்ணினா எப்படிச் சூடாகும்? நீ பாட்டுக்கு அடை."

கைப்பேசியை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு அடைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலையில் ஓர் இடைவெளி விட்டிருந்தாள். அதையும் சொல்லி அடைக்க வைத்தேன்.

"எக்ஸாஸ்ட் டியூட்டி ஓவர்" என்றாள். கொஞ்சம் சிரித்தாள். பிறகு படம் உறைந்து, இணைப்பு அறுந்தது.

அப்போது நான் கவலைப்படவில்லை. வேலை ஒழுங்காக முடிந்த நிம்மதிதான் இருந்தது. எட்டு மணிக்கு மேல் எதிர் ஃபிளாட்காரர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர். காலையில் அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மீனின் பாத்திரத்தைத் திருப்பித் தர வந்தவர், வெறும் பாத்திரமாகத் தரக் கூடாதென்று வடை வைத்திருந்தார்.

"மகளின்ர பக்கம் சரியான ஸ்னோவாம். செய்தியில காட்டினவங்கள். எப்பிடி இருக்கிறா?"

"நல்லா இருக்கா. எல்லாத்தையும் அடைக்கச் சொல்லிட்டேன். ஈரத்துண்டு வச்சு, ஹீட்டர் பக்கத்துல இருந்த ஓட்டை உட்பட" என்றேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் செருப்பைக் கழற்றாமல் நின்றார். "என்னக்கா, ஸ்னோவுக்கு ஈரத்துண்டோ? தூசிக்கெல்லோ அது?"

"உள்ள வருதுன்னா ரெண்டும் ஒண்ணுதானே" என்றார் கணவர்.

"எனக்கும் சரியாத் தெரியாது அண்ணை. பொறுங்கோ, தம்பியிட்டக் கேப்பம்." அவர் தம்பி டொராண்டோவில் இருக்கிறார். ஸ்பீக்கரில் போட்டார். தம்பி முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அண்ணை, அது ஹீட்டர் எரியிறதுக்குக் காத்து எடுக்கிற ஓட்டை. அதை அடைச்சா அறைக்குள்ள நச்சுப் புகை நிக்கும். மணமும் இல்ல, நிறமும் இல்ல. ஆள் நித்திரையாப் போயிடும். உடன எடுக்கச் சொல்லுங்கோ."

"இவரு டொராண்டோ. அது எங்கயோ கடலுக்குள்ள இருக்கு. அங்க வீடு கட்டுறது வேற மாதிரி இருக்கலாம்ல?" என்று கணவர் என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? சற்றுமுன் எல்லாம் தெரிந்தவள்போல் பேசியவள் நான்தான். இங்கே ஒவ்வொரு குளிர்காலத்திலும், பாலைவனக் கூடாரத்துக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியைப் படித்து, அலுவலகத்தில் மற்றவர்களுக்கு எச்சரிக்கை சொல்பவளும் நான்தான். கரி என்றால் தெரிகிறது. சுவருக்குள் இருக்கும் ஒரு பெட்டி எரிகிறது, அதற்கும் மூச்சு வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை? குளிர் உள்ளே வரும் வழியை எதற்காக வேண்டுமென்றே விட்டு வைப்பார்கள்? இரண்டும் என் தலைக்குள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

மகளின் எண்ணுக்கு அழைப்பு போகவில்லை. ஆரம்பத்தில் ஒரு பதிவுக் குரல், பிறகு அதுவும் இல்லை. அனுப்பிய செய்திகளுக்கு ஒற்றை டிக். "துண்டை எடு" என்று எழுதினேன். "துண்டை எடு, ஓட்டையைத் திற" என்று மறுபடி எழுதினேன். யாரும் படிக்காத செய்தியைத் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன்.

"வீட்டுக்காரம்மா நம்பர் இருக்குல்ல?" என்றார் கணவர்.

இருந்தது. வீட்டுத் தொலைபேசி எண். குடிபோன வாரமே வாங்கி வைத்திருந்தேன், ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. முதல் தடவை மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடிப்பதே ஆறுதல், வீடு நிற்கிறது என்றார் எதிர் ஃபிளாட்காரர். மூன்றாவது தடவை எடுத்தார்கள். பின்னால் காற்றின் இரைச்சல், கூடவே கீச்சென்று ஏதோ ஒரு சத்தம். இருபது வருடமாக அலுவலகத்தில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுபவள் நான். அந்த நேரத்தில் வாயில் வந்தது மகள், ஹீட்டர், ஓட்டை, துண்டு என்ற நான்கு சொற்கள் மட்டும். அந்த அம்மாள் வேகமாக என்னவோ சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. லைன் போய்விட்டது.

"என்ன சொன்னாங்க?"

"தெரியல."

"தெரியலன்னா? பேசினாங்கல்ல?"

"பேசினாங்க. தெரியலங்க."

எதிர் ஃபிளாட்காரர் போகவில்லை. அவர் மனைவியும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வடையை யாரும் தொடவில்லை.

பத்து மணி தாண்டியதும் மகளின் குரல் வந்தது. வீட்டுக்கார அம்மாளின் தொலைபேசியிலிருந்து பேசினாள். தலைவலி, ஒருமுறை வாந்தி, இப்போது மேல்தளத்தில் போர்வைக்குள் இருக்கிறாள்.

"சீலிங்ல வெள்ளையா ஒரு வட்டம் இருக்கும்மா, நச்சுப் புகை அலாரமாம், அது கத்த ஆரம்பிச்சுது. எனக்கு எழுந்திருக்கவே முடியல. ஆன்ட்டி உள்படிக்கட்டு வழியா வந்து துண்டெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு என்னை இழுத்துட்டுப் போனாங்க. அப்புறம் மாடி ஜன்னலைத் திறந்து கத்தினாங்க. பக்கத்து வீட்டு அங்கிள் இடுப்புவரை ஸ்னோவுல நடந்து வந்து, ஹீட்டரோட புகைக்குழாயை வெளியில இருந்து தோண்டி விட்டாரு. அதுவும் மூடிப்போச்சாம்."

"நான் போன் பண்ணினப்புறம் வந்தாங்களா, முன்னாடியே வந்துட்டாங்களா?"

"தெரியலம்மா. போன் அடிச்சுது, அதுவும் கத்திச்சு, ஆன்ட்டியும் கத்தினாங்க. எல்லாம் ஒண்ணா இருந்துச்சு."

அந்த அம்மாளும் சரியாகச் சொல்லவில்லையாம். நான் கேட்ட கீச்சொலி அந்த வட்டத்தினுடையதாக இருந்தால், என் அழைப்பு வந்தபோது அது ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்தது. காற்றாகவும் இருக்கலாம். டைரியில் எது முதலில் என்று எழுத இடம் விட்டேன். அது இன்றுவரை காலியாகவே இருக்கிறது.

பேசி முடித்ததும், சிக்னல் திரும்பியிருந்த அந்த அம்மாளின் கைப்பேசியிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். பூசிய வெள்ளைச் சுவர்போல் இருந்தது; நடுவில் ஒரு குழி. எதை அனுப்பியிருக்கிறாள் என்று படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். வாசல் கதவை உள்பக்கமாக இழுத்துத் திறந்ததும் எதிரே நின்ற பனியாம் அது. கதவின் கட்டங்கள் அதில் அச்சாகியிருந்தன, குழி கைப்பிடியின் தடம். அவள் ஊரே இப்படி அடைபட்டிருந்தது. துறைமுகத்தில் படகுகள் இருக்கின்றனவா என்றுகூட யாருக்கும் தெரியவில்லை.

"திட்டாதம்மா" என்று கீழே எழுதியிருந்தாள். அவளை எதற்குத் திட்டுவேன்?

மறுநாள் சனிக்கிழமை, ஆறு மணிக்கு எழுந்தேன். காபி போடவில்லை. ஸ்டூலை எடுத்துப்போய் பாத்ரூமில் வைத்து ஏறினேன். போன கோடைத் தூசிக்கு மகள் வைத்து, அவள் கனடா போன பிறகு எடுக்க ஆளில்லாமல் எக்ஸாஸ்ட் துளையிலேயே காய்ந்து கிடந்த பிளாஸ்டிக் பையையும் துண்டையும் பிடுங்கி எடுத்தேன். வெளிக்காற்று முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரம் இறங்காமல் அங்கேயே நின்றேன்.